கூலியை நிறுத்திவைப்பது அறமா?

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார் என்பது நம்மவர் நாவில் நெடுநாளாக வழங்கிவரும் பழமொழி. இவ்விரு செயல்களுக்கும் பொதுவானவை செலவும் அலைச்சலும் மட்டுமல்ல. இரண்டிலும் மனிதன் பிறரை நம்பியே தீரவேண்டும். வீடு கட்டுவதில் முன்பின் அறியாத ஒரு குத்தகையாளரை நம்புகிறோம். அந்த நம்பிக்கை முறியும்போது எழும் பூசல் பெரும்பாலும் பணத்தைப் பற்றியதாகவே இருக்கும். வேலை சரியில்லை என்று வீட்டுக்காரர் பணத்தை நிறுத்துகிறார். பணம் வரவில்லை என்று குத்தகையாளர் வேலையை நிறுத்துகிறார். பாதி எழும்பிய சுவர் மழையில் நனைந்துகொண்டிருக்க, இருவரும் தத்தம் பக்கமே நியாயம் உள்ளதெனச் சொல்லித் திரிகின்றனர்.

வரிசை வீடுகள் நிறைந்த எந்தத் தாமானிலும் இக்காட்சியைக் காணலாம். அடுக்களையைப் பின்புறம் நீட்டுவோரும், கார் நிறுத்துமிடத்திற்குக் கூரை போடுவோரும், மாடியில் ஓர் அறை சேர்ப்போரும் நம்மிடையே பலர். அவர்களுள் பலருடைய பெற்றோர் தோட்டத்து லயங்களில் வாழ்ந்தவர்கள். வேலை இருக்கும்வரைதான் அந்த வீடு. வேலை போனால் வீடும் போகும். அத்தகைய வாழ்விலிருந்து வந்த ஒரு குடும்பத்திற்குத் தன் பெயரில் உள்ள வீட்டில் ஒரு சுவர் எழுவது வெறும் கட்டடப்பணி அன்று. ஆகவேதான் அந்தச் சுவரில் விரிசல் கண்டவுடன் அவர்களுக்கு வரும் சினம், விரிசலின் அளவைவிடப் பெரிதாக இருக்கிறது. அந்தச் சினம் இயல்பானது. ஆனால் அறத்தின் கணக்கைச் சினத்தின் கையில் கொடுக்கலாமா என்பதே நாம் எண்ணிப்பார்க்கவேண்டியது.

குறையுள்ள வேலைக்கு உரிய கூலியை நிறுத்திவைப்பது அறமா? அறமெனில் எவ்வளவு நிறுத்தலாம், எதுவரை நிறுத்தலாம்? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பூசலின் வேர்

கடையில் துணி வாங்குகிறோம். பணம் இந்தக் கையிலிருந்து போகும் நொடியிலேயே துணி அந்தக் கையிலிருந்து வந்துவிடுகிறது. ஒருவர் மற்றவரை நம்பிக் காத்திருக்கவேண்டிய தேவை அங்கே இல்லை. வீடு கட்டும் பணி அத்தகையதன்று. அது மாதக்கணக்கில் நடப்பது. முழுப்பணத்தையும் முதலிலேயே கொடுத்தால் குத்தகையாளர் வராமற்போகலாம். முழுவேலையையும் முதலிலேயே முடித்தால் வீட்டுக்காரர் ஏதேனும் ஒரு குறை சொல்லிப் பணம் தராமற்போகலாம். யார் முந்துகிறாரோ அவரே இடருக்கு ஆளாகிறார். இதனாலேதான் முன்பணம், இடைத்தவணை, இறுதித்தவணை என்னும் ஏற்பாடு வந்தது.

இதற்குமேல் அறியாமை என்னும் இடரும் உண்டு. பூச்சுக்கு அடியில் எத்தனை கம்பி வைத்தார், குளியலறைத் தளத்திற்கு நீர்க்காப்புப் பூசினாரா இல்லையா என்பது குத்தகையாளருக்கு மட்டுமே தெரியும். வீட்டுக்காரர் காண்பது மேற்பூச்சை. அவ்வாறே, கடைசித் தவணைக்குரிய பணம் வீட்டுக்காரரிடம் உண்மையில் இருக்கிறதா என்பது அவருக்கு மட்டுமே தெரியும். குத்தகையாளர் காண்பது அவருடைய முகத்தை. இவ்வாறு ஒவ்வொருவரும் மற்றவருக்குத் தெரியாத ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டே பணியைத் தொடங்குகின்றனர்.

இவை போதாவென்று, பணி நடக்கும்போது வாய்வார்த்தையாகச் சேர்க்கப்படும் வேலைகள் வேறு. "இந்தச் சன்னலைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிடுங்கள்", "இங்கே ஒரு மின்முனை போட்டுவிடுங்கள்" என்று வீட்டுக்காரர் சொல்கிறார். அது பேசிய விலைக்குள் அடங்கும் என்பது அவர் எண்ணம். ஒவ்வொன்றும் தனிக்கணக்கு என்பது குத்தகையாளர் எண்ணம். இருவரும் அப்போது விலை பேசுவதில்லை. பேசினால் மனவருத்தம் வருமே என்று கூச்சப்படுகின்றனர். அன்று தவிர்த்த சிறு வருத்தம் இறுதித்தவணையின்போது பெரும் பகையாக வளர்ந்து நிற்கிறது. நாணயத்திற்கு முதற்பகை பேராசை என்று நாம் கருதுகிறோம். வீடு கட்டும் பணியில் பெரும்பாலும் கூச்சமே முதற்பகையாக இருக்கிறது.

மூவர் நிற்கும் களம்

வீட்டுக்காரரின் பக்கம் நாம் எளிதில் புரிந்துகொள்ளக்கூடியது. வங்கிக் கடனோ, பல்லாண்டுச் சேமிப்போ அவர் கையில் இருக்கும் பணம். மழைபெய்தால் புதுக்கூரை ஒழுகுகிறது. தட்டினால் தரையோடு வெற்றோசை எழுப்புகிறது. அழைத்தால் குத்தகையாளர் நாளை வருவதாகச் சொல்கிறார். அந்த நாளை வருவதே இல்லை. கையில் எஞ்சியுள்ள இறுதித்தவணை ஒன்றே தமக்குள்ள கடிவாளம் என்று அவர் நினைப்பதில் வியப்பில்லை.

குத்தகையாளரின் பக்கத்தையும் பார்க்கவேண்டும். சிறு வேலைகளை எடுப்பவர்களுள் பலர் கொத்தனாராக இருந்து உயர்ந்தவர்கள். சிமெண்டும் கம்பியும் கடனுக்கு வாங்குபவர்கள். அவருடைய ஆதாயம் பெரும்பாலும் அந்த இறுதித்தவணைக்குள்ளேதான் இருக்கிறது. முந்தைய தவணைகள் பொருளுக்கும் ஆளுக்கும் சென்றிருக்கும். எனவே இறுதித்தவணையை முழுமையாக நிறுத்துவது, அவருடைய பல மாத உழைப்பின் பயனை முழுமையாக நிறுத்துவதாகிறது. ஆயினும் ஒரு வழக்கத்தை நாம் கண்டிக்காமல் இருக்க இயலாது. இவர் வீட்டு முன்பணத்தை எடுத்து அவர் வீட்டுக்கு ஓடு வாங்குவதும், அவர் வீட்டு ஓட்டுப்பணத்தில் மூன்றாமவர் வீட்டுக் கடனை அடைப்பதும் சிலருக்கு வாடிக்கையாகிவிட்டது. முன்பணம் குத்தகையாளரின் சொத்தன்று; ஒரு குறிப்பிட்ட வீட்டுக்கென ஒப்படைக்கப்பட்ட பொருள். அதை இடம் மாற்றும்போதே அவர் வாக்குத் தவறிவிடுகிறார், வேலை பிறகு நன்றாக முடிந்தாலும்கூட.

மூன்றாமவர் ஒருவர் இருக்கிறார். அவர் பெயர் ஒப்பந்தத்தில் இராது. செங்கல் சுமந்தவர், கலவை கலந்தவர், வெயிலில் சாரத்தின்மேல் நின்றவர். நம் நாட்டில் அவர் பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தோ வங்காளதேசத்திலிருந்தோ வந்தவராக இருப்பார். ஒரு தலைமுறைக்கு முன்னர் நம்முடைய முன்னோர் இருந்த இடத்தில் இன்று அவர் இருக்கிறார். வீட்டுக்காரர் குத்தகையாளருக்குப் பணத்தை நிறுத்துகிறார். குத்தகையாளர் அதைக் காரணங்காட்டித் தொழிலாளிக்குக் கூலியை நிறுத்துகிறார். ஒழுகும் கூரைக்குக் காரணமானவர் ஒருவர், பட்டினி கிடப்பவர் மற்றொருவர்.

1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம், சம்பளக்காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் சம்பளம் தரப்படவேண்டும் என்கிறது. வீட்டுக்காரரிடமிருந்து பணம் வரவில்லை என்பதை அச்சட்டம் சாக்காக ஏற்பதில்லை. துணைக்குத்தகையில் தொழிலாளிக்குச் சம்பளம் நின்றால், தொழில் நிமித்தம் வேலை கொடுத்த மேல்குத்தகையாளரும் ஒரு வரம்புக்கு உட்பட்டுப் பொறுப்பேற்கவேண்டும் என்றும் அது கூறுகிறது. ஆனால் தம் சொந்த வீட்டைக் கட்டுபவர்மேல் அந்தப் பொறுப்பைச் சுமத்தவில்லை. சட்டம் நின்ற இடத்தில் அறமும் நின்றுவிடவேண்டும் என்பதில்லை. என் சுவரை எழுப்பியவனுக்கு உணவு இல்லை என்று அறிந்த பின்னும் அது எனக்குச் சம்பந்தமில்லாதது என்று சொல்லி அச்சுவருக்குள் நிம்மதியாக உறங்க முடியுமா?

நீதிமன்றங்கள் எண்ணிப்பார்த்தவை

இவ்வினா மிகப் பழையது. ஏறத்தாழ 3,700 ஆண்டுகளுக்கு முன் பாபிலோனிய மன்னன் அம்முராபி வகுத்த சட்டத் தொகுப்பில் வீடு கட்டுபவனுக்குரிய கூலியும் அவனுடைய பொறுப்பும் அடுத்தடுத்துக் கூறப்பட்டுள்ளன. கட்டிய பரப்புக்கு ஏற்பக் கூலி உண்டு. சுவர் உறுதியற்றுச் சாயுமானால் கட்டியவனே தன் செலவில் அதை வலுப்படுத்தவேண்டும். வீடு இடிந்து உரியவன் இறந்தால் கட்டியவனுக்கு மரணதண்டனை. தண்டனையின் கடுமையை நாம் இன்று ஏற்கமாட்டோம். கூலியும் பொறுப்பும் ஒன்றையொன்று பிரியாதவை என்னும் கருத்தோ இன்றும் பொருந்துவது.

நம் நாட்டுச் சட்டத்தோடு உறவுடைய ஆங்கில நீதிமன்றங்களில் நடந்த மூன்று வழக்குகள் இவ்விடத்தில் நினைக்கத்தக்கவை. 1952இல் தீர்ப்பான ஹோனிக்-ஐசக்ஸ் வழக்கில், ஓர் அடுக்குமாடி வீட்டை அலங்கரித்து மரச்சாமான்கள் அமைத்துத்தர 750 பவுண்டு பேசப்பட்டது. 400 பவுண்டு கொடுத்த வீட்டுக்காரர், அலமாரிக் கதவும் புத்தகத் தட்டும் சரியில்லை என்று மீதி 350 பவுண்டைத் தர மறுத்தார். குறைகளைச் சரிசெய்ய ஆகும் செலவோ 56 பவுண்டுக்கும் குறைவு. அந்தத் தொகையை மட்டும் கழித்துக்கொண்டு மீதியைத் தரவேண்டும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

1972இன் போல்டன்-மகாதேவா வழக்கில் நிலைமை வேறு. 560 பவுண்டுக்கு வீடு முழுவதற்கும் வெப்பமூட்டும் அமைப்பு பொருத்தப்பட்டது. அது வீட்டைச் சரியாகச் சூடாக்கவில்லை, புகையையும் கக்கியது. திருத்த 174 பவுண்டு தேவைப்பட்டது. சூடேற்றாத வெப்பமூட்டியை முடிந்த வேலையாகக் கொள்ள முடியாதென்று கருதிய நீதிமன்றம், குத்தகையாளருக்கு ஒன்றும் இல்லை என்றது.

1995இல் பிரபுக்கள் சபை தீர்த்த ரக்ஸ்லி-போர்சைத் வழக்கு மேலும் நுட்பமானது. ஏழரை அடி ஆழம் கேட்ட நீச்சல்குளம் ஆழமான இடத்தில் ஆறே முக்கால் அடியாகக் கட்டப்பட்டது. குளத்தைப் பயன்படுத்துவதில் ஆபத்தில்லை. சொத்தின் மதிப்பும் குறையவில்லை. இடித்துக் கட்ட 21,560 பவுண்டு ஆகும். நீதிபதிகள் அந்தத் தொகையையும் தரவில்லை. இழப்பே இல்லை என்றும் தள்ளிவிடவில்லை. கேட்டது கிடைக்காத மனக்குறைக்கென 2,500 பவுண்டு என்னும் தீர்ப்பை நிலைநிறுத்தினர்.

இம்மூன்றையும் ஒருங்கே நோக்கும்போது மூன்று கருத்துகள் தெளிவாகின்றன. சிறுகுறையைக் காட்டிப் பெருந்தொகையை விழுங்கக்கூடாது. பணியின் உயிர்நோக்கமே நிறைவேறாதபோது குத்தகையாளர் கூலி கேட்கும் தகுதியை இழக்கிறார். வீட்டுக்காரரின் விருப்பத்திற்கும் மதிப்பு உண்டு. ஆனால் அம்மதிப்புக்கு எல்லையும் உண்டு.

ஆசிரியர்களாகிய நமக்கு இவை புதியன அல்ல. விடைத்தாள் திருத்தும்போது நாம் நாள்தோறும் செய்வது இதைத்தானே? பத்து வினாக்களில் ஒன்றைத் தவறாக எழுதிய மாணவனுக்குச் சுழியம் போடுவதில்லை. போனால் போகட்டும் என்று முழுமதிப்பெண்ணும் கொடுப்பதில்லை. தவறிய இடத்தைக் குறித்து, அதற்குரியதைக் கழித்து, எஞ்சியதை வழங்குகிறோம். கையெழுத்து நம் மனத்திற்குப் பிடிக்கவில்லை என்பதற்காக விடையையே செல்லாததாக்கும் ஆசிரியரை நாம் நல்லாசிரியர் என்று சொல்வதில்லை. கேட்ட வினாவை விட்டு வேறொன்றுக்குப் பக்கம் பக்கமாக விடை எழுதியவன், உழைத்தேன் என்பதற்காக மதிப்பெண் கோரவும் இயலாது.

பிணையா, தண்டனையா?

நிறுத்திவைக்கும் பணம் இருவகைப்படும். ஒன்று பிணை, மற்றொன்று தண்டனை. குறையைத் திருத்தினால் தந்துவிடுவேன் என்னும் எண்ணத்தோடு, குறைக்கு ஏற்ற அளவு நிறுத்துவது பிணை. என்னை அலையவிட்டாய், ஆகவே உனக்குத் தரமாட்டேன் என்பது தண்டனை. இவை இரண்டையும்விடக் கீழான மூன்றாவதும் உண்டு. தொடக்கத்திலிருந்தே இறுதித்தவணையைத் தராமல் மிச்சம்பிடிக்க எண்ணி, முடிவில் குறை தேடுவது. அது திருட்டின் மெருகேறிய வடிவமே அன்றி வேறில்லை.

பிணையாக நிறுத்துவது அறத்தோடு பொருந்தும் என்பது என் கருத்து. ஆனால் அது பிணையாகவே நிற்கவேண்டுமெனில் சில நெறிகள் வேண்டும். எந்தக் குறைக்காக நிறுத்துகிறோம் என்பதை எழுத்தில் சொல்லவேண்டும். திருத்தச் செலவுக்கு ஏற்ற தொகையையே நிறுத்தவேண்டும். பூசலில் இல்லாத பகுதியை உடனே கொடுத்துவிடவேண்டும். திருத்துவதற்கு வாய்ப்பும் காலமும் தரவேண்டும். திருத்திய அன்றே கொடுக்கும் நிலையில் பணம் இருக்கவேண்டும். தாம் தயாராக வைத்திராத பணத்தைப் பிணை என்று சொல்பவர் பிறரை மட்டுமன்றித் தம்மையும் ஏமாற்றிக்கொள்கிறார்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதை நாம் எளிதாகத் தள்ளிவிட முடியாது. "குறைக்கு ஏற்ற சிறுதொகையை மட்டும் நிறுத்தினால் எந்தக் குத்தகையாளர் திரும்பி வருவார்? பெருந்தொகை கையில் இருந்தால்தானே வருவார்?" என்பதே அம்மறுப்பு. இங்கிலாந்தின் சட்ட ஆணையம் 1983இல் இதே வினாவை எதிர்கொண்டது. வேலையை முழுமையாக முடிக்காத குத்தகையாளருக்கும் அவர் செய்த வேலையின் பயனுக்கு ஏற்பப் பணம் கிடைக்கச் சட்டத்தை மாற்றலாம் என்று ஆணையம் பரிந்துரைத்தது. ஆணைய உறுப்பினருள் ஒருவரான பிரையன் டேவன்போர்ட் உடன்படவில்லை. சாதாரண வீட்டுக்காரருக்கு, வேலையை முடிக்காமற்போன சிறுகுத்தகையாளரைத் திரும்ப வரவழைக்கப் பணத்தை நிறுத்துவதைவிட வேறு வலிமை இல்லை என்பது அவர் வாதம். அப்பரிந்துரை சட்டமாகவும் இல்லை.

இவ்வாதத்தில் உண்மை உண்டு. ஆயினும் இது வீட்டுக்காரரின் வலிமையைப் பற்றிச் சொல்கிறதேயன்றி அவருடைய உரிமையைப் பற்றிச் சொல்லவில்லை. திரும்பி வரவைப்பதற்காகப் பெருந்தொகையை நிறுத்துவது ஒன்று. திரும்பி வராதபோது அந்தப் பெருந்தொகை முழுவதையும் தமதாக்கிக்கொள்வது மற்றொன்று. வேறொருவரைக் கொண்டு குறையைத் திருத்தி முடித்த பின், அச்செலவும் அலைச்சலுக்குரிய நியாயமான ஈடும் போக எஞ்சிய பணம் எவருடையது? அதுவரை செய்த வேலையின் பயனை வீட்டுக்காரர் நாள்தோறும் நுகர்ந்துகொண்டிருக்கிறார். நம் நாட்டின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 71ஆம் பிரிவும், இலவசமாகச் செய்யும் எண்ணமின்றி ஒருவர் முறைப்படி செய்ததன் பயனை மற்றவர் நுகர்வாரானால் அதற்கு ஈடு தரக் கடமைப்பட்டவர் என்கிறது. எந்த வழக்குக்கு அது எவ்வாறு பொருந்தும் என்பதை வழக்கறிஞர்கள் சொல்லட்டும். அதன் உள்ளே உறையும் அறம் எவருக்கும் விளங்கும்.

நடுவர் கையில் ஒரு திறவுகோல்

இருவரும் நல்லவராக இருந்தாலும் பணம் ஒருவர் கையில் இருக்கும்வரை ஐயம் இருக்கும். இதற்கு நம் நாட்டிலேயே நல்லதொரு வழி உண்டு. 1966ஆம் ஆண்டின் வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ், மேம்பாட்டாளரிடமிருந்து வாங்கும் தரைவீட்டின் விலையில் 5 விழுக்காடு வழக்கறிஞரிடம் நடுநிலைப் பணமாக வைக்கப்படுகிறது. வீட்டை ஒப்படைத்து 8 மாதங்கள் கழித்து அதில் ஒரு பாதியும், குறைதிருத்தும் காலமாகிய 24 மாதங்கள் நிறைந்தபின் மறுபாதியும் மேம்பாட்டாளரைச் சேரும். அறிவித்தும் அவர் குறையைத் திருத்தாவிடில், உரிய முறைப்படி திருத்தச் செலவை அதிலிருந்து பெறலாம். பணம் இருவர் கையிலும் இல்லை. ஆகவே நிறுத்தினார் என்ற பழியும் இல்லை, ஓடினார் என்ற அச்சமும் இல்லை. அடுக்களை நீட்டும் சிறு வேலைக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஆனால் இருதரப்பும் நம்பும் ஒரு பெரியவரிடமோ வழக்கறிஞரிடமோ கடைசித் தவணையை ஒப்படைக்க எந்தச் சட்டமும் தடையில்லை.

பூசல் முற்றியபின் செல்ல வழிகளும் உள்ளன. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளைப் பயனீட்டாளர் வழக்கறிஞரின்றித் தாமே முன்வைக்கலாம். 2019இல்தான் இவ்வரம்பு 25,000 வெள்ளியிலிருந்து உயர்ந்தது. ஆனால் அது பயனீட்டாளர் வழக்குத் தொடுக்கும் மன்றம். பணம் வராத குத்தகையாளர் அங்கே கோரிக்கை வைக்க இயலாது. கட்டுமானத் துறையில் பணம் விரைந்து கிடைப்பதற்கென 2012இல் இயற்றப்பட்டு 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டமோ, தனிமனிதர் தாம் வாழ்வதற்கெனக் கட்டும் நான்கு மாடிக்குக் குறைந்த கட்டடங்களை விலக்கிவைத்திருக்கிறது. ஆகவே சிறுகுத்தகையாளர் வழக்கமான நீதிமன்றத்தையே நாடவேண்டும். 5,000 வெள்ளி நிலுவைக்கு அவர் எத்தனை முறை நீதிமன்றப் படி ஏறுவார்? இதை அறிந்து, "வழக்குப் போட்டுப் பாரும்" என்று சொல்லும் வீட்டுக்காரர், சட்டத்தின் இடைவெளியைத் தம் நியாயமாக்கிக்கொள்கிறார். எதிரி சோர்ந்துபோவதால் கிடைக்கும் வெற்றி நீதியாகாது.

வள்ளுவர் நடுவுநிலைமைக்கென ஓர் அதிகாரமே வகுத்து, அதன் இறுதிக் குறளில் வாணிகத்தைப் பேசினார். அவையிலும் அரசிலும் வேண்டப்படும் நடுநிலைமை, கொடுக்கல் வாங்கலிலும் வேண்டும் என்பதை அவ்வைப்புமுறை உணர்த்துகிறது. துலாக்கோலைப் பிறருக்காகப் பிடிப்பது எளிது. தன்னுடைய பணம் ஒரு தட்டில் இருக்கும்போது கை நடுங்காமல் பிடிப்பதே அரிது.

மாணவர்களே, நீங்கள் நாளை வீடு கட்டுவீர்கள். உங்களுள் சிலர் வீடு கட்டித்தருவீர்கள். எந்தப் பக்கத்தில் நின்றாலும் பேசியதை எழுதிக்கொள்ளுங்கள். கூடுதல் வேலைக்கு அன்றே விலை கேளுங்கள், கேட்பது அவமதிப்பன்று. குறை கண்டால் குறையைச் சொல்லுங்கள், மனிதனை இழிக்காதீர்கள். குறை செய்தால் திரும்பிச் சென்று திருத்துங்கள், திருத்துவது தோல்வியன்று. ஆசிரியப் பெருமக்கள் இலாப நட்டக் கணக்கைக் கற்பிக்கும் வகுப்பில், ஒழுகும் கூரையையும் நின்றுபோன கூலியையும் ஒருநாள் வினாவாகத் தரலாம். எவ்வளவு கழிக்கலாம், எவ்வளவு கொடுக்கவேண்டும் என்று பிள்ளைகள் கணக்கிடட்டும். அந்த வினாவில் வீட்டுக்காரர், குத்தகையாளர் ஆகிய இருவரோடு கலவை சுமந்த தொழிலாளியையும் மறவாமல் சேர்த்துவிடவேண்டும்.